பிக்காவோட படப்பும் மரங்கொத்தியோட களஞ்சியமும்

வட அமெரிக்காவோட மேற்குப் பக்கத்துல ரெண்டு ஜீவன் இருக்கு. ஒண்ணு மலை உச்சியில பாறை சரிஞ்சு குவிஞ்சு கிடக்கிற இடத்துல வாழுற பிக்கா, இன்னொண்ணு அதுக்கு ரொம்பக் கீழ ஓக் மரக்காட்டுல வாழுற ஏகார்ன் மரங்கொத்தி. ஒண்ணு ஓடுறது ஒண்ணு பறக்கிறது, சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, ஆனா ரெண்டும் உசுரக் குடுத்துச் செய்யிறது ஒரே வேலைதான், வரப்போற வறுமை மாசத்துக்கு இப்பவே தீனி சேத்து வைக்கிறது. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, இன்னைக்குத்தான் உக்காந்து எழுதுதேன்.

பிக்கா யாருன்னு மொதல்ல சொல்லிருதேன். பாத்தா எலி மாதிரி தெரியும் ஆனா எலி இனமே கிடையாது, முயலோட பங்காளி. காது வட்டமா இருக்கும், வால் வெளியவே தெரியாது, அமெரிக்கப் பிக்கா ஒரு சாண் நீளம் கூட வராது, எடை 120ல இருந்து 175 கிராம். உலகம் பூரா சேத்து ஏறத்தாழ 30 வகை இருக்கு, பெரும்பாலும் ஆசியாவுலதான், நம்ம இமயமலையிலயும் இருக்கு, அத அப்புறம் சொல்லுதேன். மரங்கொத்தி 20 சென்டிமீட்டர் சொச்சம், எடை 80 கிராம் பக்கம். நம்ம பாபநாசம் அடிவாரத்துல காஞ்ச கிளையத் தட்டிக்கிட்டுத் திரியுற பழுப்புத்தலைச் சின்ன மரங்கொத்தி 13 சென்டிமீட்டர்தான், அதுக்கு இது அண்ணன்னு வச்சுக்கிடலாம். மூஞ்சி கருப்பு வெள்ளை, தலையில செவப்பு, கண்ணு வெளிறிப் போய் அப்படியே முழிச்சுப் பாக்கும்.

இப்ப பிக்கா விஷயம். குளிர்காலத்துல கரடி மாதிரி தரை அணில் மாதிரி தூங்கிப் போற பழக்கம் இதுக்குக் கிடையாது. ஆறு ஏழு மாசம் பனி மூடிக் கிடக்கும், பனிக்கு அடியில பாறை இடுக்குல முழிச்சே இருக்கும், முழிச்சிருந்தா பசிக்கும்லா, அதனால கோடை பூரா புல்லு பூவு இலைதழையெல்லாம் கடிச்சு வாய்க்குக் குறுக்க கவ்விக்கிட்டு வந்து பாறைக்கு அடியில அடுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை நடைன்னு எண்ண முடியாது, போகும் வரும் போகும் வரும், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

இதப் பத்தி எங்க சித்தப்பாகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். வீரவநல்லூர் பக்கம் வயல், பிசானம் அறுப்பு முடிஞ்சு படப்பு போட்டுக்கிட்டு இருந்தாவ. நான் சொல்லச் சொல்ல கையில வைக்கோல வச்சுக்கிட்டே கேட்டாவ.

"ஏல, அது பச்சையா கொண்டு போயி பாறைக்கு அடியில திணிச்சா வெந்து போகாதா? நாங்க கொஞ்சம் ஈரத்தோட அடுக்கிட்டாலே உள்ள சூடேறிப் பூசணம் பிடிச்சு மாடு மோந்து பாத்துட்டு திரும்பிக்கிடும்."

படப்பு போடுற ஆளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நான் அத்தனை கட்டுரை வாசிச்சும் எனக்கு இந்தக் கேள்வி தோணல, அவங்களுக்கு ஒரே நிமிஷத்துல தோணிட்டு. இதுக்குப் பதில் இருக்கு சித்தப்பான்னு சொன்னேன். 1990கள்ல கொலராடோ மலையில டெனிஸ் டியரிங்னு ஒரு விஞ்ஞானி இதையே ஆராய்ச்சி பண்ணுனாங்க. பிக்கா கோடையில அன்னன்னைக்குத் தின்னுற செடி வேற, சேத்து வைக்கிற செடி வேற. சேக்குறதுல பாதிக்கு மேல ஃபீனால் அதிகமா இருக்கிற செடி, அதாவது துவர்ப்பும் விஷமும் உள்ள செடி, அப்ப உடனே தின்னா வயித்துக்கு ஆகாது. ஆனா அதே ஃபீனால்தான் பாக்டீரியாவ அண்ட விடாம அந்தக் குவியல் அழுகாம வச்சிருக்கு. மாசம் போகப் போக அந்த விஷம் தானா குறையுது, நடுக் குளிர்காலத்துல எடுத்துத் தின்னும்போது அது தின்னத் தகுந்த தீனி ஆயிருது. கெட்டுப் போகாம இருக்க விஷம், தின்னுற நேரத்துக்கு விஷம் இல்ல.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்பம் ஆச்சி குலுக்கையில நொச்சியும் வேப்பிலையும் போட்டு வச்ச மாதிரிதாம்ல"ன்னாவ. அதேதான். குலுக்கையில நெல்லக் கொட்டும்போது ஊடால ஊடால நொச்சி இலையப் போடுவாங்க, வண்டு வராது. ஆச்சிக்கு அது மாமியார் சொல்லிக் குடுத்தது. பிக்காவுக்குச் சொல்லிக் குடுக்க யாரும் இல்ல, குட்டி ஒரு மாசம் சொச்சத்துலயே அம்மாவ விட்டுத் தனியா போயிரும், அந்த வருஷமே தனக்குன்னு ஒரு இடத்தப் பிடிச்சுத் தனக்குன்னு ஒரு படப்பு போட்டாத்தான் குளிர்காலத்தத் தாண்டும். இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகும்.

தனியான்னு சொன்னேம்லா, அது முக்கியம். ஆணும் சரி பொண்ணும் சரி, ஒவ்வொரு பிக்காவுக்கும் தனித்தனி எல்லை, தனித்தனி படப்பு. பக்கத்து வீட்டுப் படப்புல இருந்து திருடுறதும் உண்டு, அதனால பாறை மேல ஏறி நின்னு கிறீச்சுன்னு கத்தி "இது என் இடம்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். கீரி மாதிரி எதிரி வந்தாலும் அதே கத்தல்தான், அப்ப அக்கம்பக்கத்துப் பிக்காவும் உஷாராகும்.

மரங்கொத்தி இதுக்கு நேர் எதிர்.

எங்க பெரியம்மா மக சான் ஹோசேல இருக்கா, அவகிட்ட ஒரு நாள் சொல்லி வச்சேன், அங்கன பார்க்குல ஓட்டை ஓட்டையா இருக்கிற மரம் எதுவும் பாத்தா போட்டோ எடுத்து அனுப்புன்னு. அனுப்புனா. பெரிய மரம், பட்டை பூரா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஓக் கொட்டை, ஆணி அடிச்ச மாதிரி இறுக்கமா. நான் ஜூம் பண்ணி ஜூம் பண்ணி எண்ணப் பாத்து விட்டுட்டேன். இந்தக் களஞ்சிய மரம் ஒண்ணுல 50,000 ஓட்டை வரைக்கும் இருக்கிறது உண்டு. ஒரு வருஷத்துல ஒரு கூட்டம் புதுசா போடுறது சில நூறு ஓட்டைதான், அப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, அம்புட்டு ஓட்டையும் பல தலைமுறை சேந்து கொத்துனது. தாத்தா கொத்துன ஓட்டையில பேரன் கொட்டை வைக்கிறான்.

அந்த ஓட்டை போடுறதுலயும் ஒரு நிதானம் இருக்கு. பட்டமரம், காஞ்ச கிளை, இல்லன்னா தடிச்ச பட்டை, அதுலதான் கொத்தும், உள்ள உசுரோட்டம் இருக்கிற பகுதி வரைக்கும் போகாது, அதனால உசுரோட இருக்கிற மரமும் சாகாது. கொட்டைய ஓட்டைக்கு ஏத்த மாதிரி தேடி வைக்கும், லூசா இருந்தா அணிலும் மத்த பறவையும் உருவிட்டுப் போயிரும். இன்னொண்ணு, கொட்டை காயக் காயச் சுருங்கும்லா, அப்ப ஓட்டையில ஆட ஆரம்பிச்சிரும், உடனே அத எடுத்து வேற சின்ன ஓட்டையில மாத்தி அடிக்கும். பிக்கா மாதிரி கோடையோட முடிஞ்சு போற வேலை இல்ல இது, வச்சதுக்கப்புறமும் தினம் மேற்பார்வை.

மரம் இல்லன்னா டெலிபோன் கம்பம், வேலிக்கட்டை, வீட்டோட மரச்சுவர், எதையும் விடாது. 2023ல செய்தியில வந்துச்சு, கலிபோர்னியாவுல ஒரு வீட்டுச் சுவர உடைச்சா உள்ள இருந்து ஓக் கொட்டை அருவி மாதிரி கொட்டுது, 700 பவுண்டு, நம்ம கணக்குக்கு 300 கிலோவுக்கு மேல. ஓட்டை போட்டு உள்ள தள்ளியிருக்கு, அது சுவருக்குள்ள விழுந்துட்டு, திரும்ப எடுக்க முடியல, ஓட்டை காலியா இருக்குன்னு மறுபடி மறுபடி தள்ளியிருக்கு. வீடியோ பாத்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரல, அம்புட்டும் ஒரு குடும்பத்தோட உழைப்பு.

குடும்பம்னு சும்மா சொல்லல. கலிபோர்னியாவுல கார்மல் பள்ளத்தாக்குப் பக்கம் ஹேஸ்டிங்ஸ்னு ஒரு ஆராய்ச்சிக் காடு இருக்கு, அங்க 1968ல மக்ராபர்ட்ஸ் தம்பதி ஆரம்பிச்சு வச்ச ஆராய்ச்சி, அப்புறம் வால்டர் கோனிக்னு ஒருத்தர் பல வருஷம் நடத்துனாரு, தலைமுறை தலைமுறையா பறவைக்குக் காலுல வளையம் போட்டு யார் யாருக்குப் பிள்ளைன்னு குறிச்சு வச்சிருக்காங்க. அதுல தெரிஞ்சது என்னன்னா, ஒரு கூட்டத்துல அண்ணன் தம்பி நாலஞ்சு பேரு சேந்து இருப்பாங்க, அக்கா தங்கச்சி ரெண்டு மூணு பேரு சேந்து இருப்பாங்க, ரெண்டு பக்கமும் வேற வேற வீட்டுல இருந்து வந்தது, அக்கா தங்கச்சி எல்லாரும் ஒரே பொந்துல முட்டை வைப்பாங்க, போன வருஷத்துப் பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போகாம தம்பி தங்கச்சிய வளக்க ஒத்தாசை பண்ணும். நம்ம பழைய கூட்டுக் குடும்பம் அப்படியே. ஆனா எல்லாம் பாலும் தேனும்னு நினைச்சிராதீங்க. ஒரு அக்கா மொதல்ல முட்டை வச்சிட்டா, இன்னும் முட்டை வைக்க ஆரம்பிக்காத தங்கச்சி அந்த முட்டையத் தூக்கி வெளிய கொண்டு போயிரும், மரத்துல வச்சு எல்லாரும் சேந்து தின்னும், வச்சவளும் கூட உக்காந்து தின்னுவா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் இது நடக்கும். மொத தடவ வாசிச்சப்ப புத்தகத்த மூடி வச்சிட்டேன்.

சொத்து இருக்கிற இடத்துல சண்டையும் இருக்கும். ஒரு களஞ்சியத்துல இனம் பெருக்குற ஸ்தானத்துல இருந்த ஒரு பறவை செத்துட்டா, சுத்துவட்டாரத்துல இருந்து அண்ணன் தம்பிக் கூட்டம், அக்கா தங்கச்சிக் கூட்டம்னு கூட்டணி கட்டிக்கிட்டு வந்து நாள் கணக்குல அடிச்சுக்கிடும். சாகஸ் பார்வேன்னு இந்தியாவுல இருந்து போன ஒரு பறவை ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் பறவைகளுக்கு ரேடியோ டேக் மாட்டிப் பாத்து 2020ல எழுதுனாங்க, சண்டை போட வந்தது பத்தாதுன்னு, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பறவைகளும் தன் களஞ்சியத்த விட்டுட்டு தூரத்துல இருந்து பறந்து வந்து உக்காந்து வேடிக்கை பாத்துட்டுப் போகுதாம். எந்தக் கூட்டம் பலமா இருக்கு, எது உடையப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிடத்தான் வருதுன்னு அவங்க நினைக்காங்க.

அப்ப மரங்கொத்தியோட சொத்து எது? நான் மொதல்ல கொட்டைதான்னு நினைச்சிருந்தேன், வாசிக்க வாசிக்கத்தான் புரியுது, கொட்டை இல்ல ஓட்டைதான் சொத்து. கொட்டை அந்தந்த வருஷத்தோட தீந்துரும், ஓக் காய்க்காத வருஷம் வந்தா கூட்டமே கலைஞ்சு வேற இடத்துக்குப் போறதும் உண்டு. பூச்சி கிடைக்கிற நாள்ல பறந்து பறந்து பூச்சியத்தான் பிடிக்கும், கொட்டை பூச்சி இல்லாத நாளுக்கு. கொட்டை வசந்தகாலம் வரைக்கும் மிஞ்சுனா அந்த வருஷம் குஞ்சு கூடுதலா பொரிச்சு வெளிய வருது. பிக்காவுக்கு அப்படி மரம் இல்ல. அதோட பாறை இடுக்கு கைமாறும்தான், ஒண்ணு செத்துட்டா இன்னொண்ணு வந்து அதே இடுக்குல படப்பு போடும், பழைய காஞ்ச புல்லு அடியில கிடக்கும், ஆனா அது வந்தவனுக்கு வாய்ச்ச இடம், பரம்பரைச் சொத்து இல்ல.

இந்த மாதிரி சேத்து வைக்கிற மரங்கொத்தி நம்ம பக்கம் ஏன் இல்லன்னு நானும் யோசிச்சிருக்கேன். காரணம் எளிசுதான், பூச்சி கிடைக்காத குளிர்காலம் நமக்கு இல்ல. களக்காடு முண்டந்துறைக் காட்டுல எறும்பு, கரையான், மரத்துக்குள்ள இருக்கிற புழு எல்லாம் வருஷம் பூரா கிடைக்கும், பொன்முதுகு மரங்கொத்திக்கு எதுக்குக் களஞ்சியம்? சேக்கிற புத்தி இங்க இருக்கிறது வயக்காட்டு எலிக்குத்தான், வளையத் தோண்டுனா நெல்லுக்கதிர் கத்தையா கிடக்கும், அறுப்பு முடிஞ்சதும் அத எடுக்கிறதுக்குன்னே மண்வெட்டியோட வருவாவ. அறுப்பு முடிஞ்சா வயல்ல ஒண்ணும் இருக்காதுன்னு எலிக்குத் தெரியும். பஞ்சம் எங்க வருதோ அங்கதான் சேமிப்பு.

எல்லாப் பிக்காவும் சேக்கும்னும் சொல்ல முடியாது. திபெத் பீடபூமியில இருக்கிற பிக்கா அவ்வளவா படப்பு போடாது, அங்க குளிர் மைனஸ் 30 வரைக்கும் போகும், எப்படிப் பொழைக்குதுன்னு ஜான் ஸ்பீக்மன் குழு பல வருஷம் பாத்து 2021ல வெளியிட்டாங்க, உடம்போட செலவைக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைச்சுக்கிடுது, அது போக யாக் மாட்டுச் சாணியத் தின்னுது. சாணிதான், ஆனா பாதி செரிச்ச புல்லு, தேடி அலையாம கிடைக்குது.

சரி, ரெண்டுல எது பெருசுன்னு கேட்டா? பேசுற எல்லாரும் மரங்கொத்தி பக்கம்தான் நிக்காங்க, கூட்டுறவு, குடும்பம், பரம்பரைன்னு. நான் பிக்கா பக்கம். காரணம் சூடு.

பிக்காவோட உடம்புச் சூடு சாதாரணமாவே 40 டிகிரி, அதுல மூணு டிகிரி கூடுனாலே உசுருக்கு ஆபத்து. உடம்பு பூரா அடர்த்தியான முடி, குளிருக்குன்னு வளந்தது, வெயிலுக்கு அதக் கழட்டி வைக்க முடியாது. ஆண்ட்ரூ ஸ்மித்னு ஒருத்தர் 1970கள்லயே காட்டுனாரு, இடுக்குல ஒளிய விடாம வச்சா 25ல இருந்து 29 டிகிரி வெயிலே சில மணி நேரத்துல கொன்னுரும். நம்ம பாளையங்கோட்டையில மே மாசம் 38, 39 சாதாரணம், இங்க மார்கழி மத்தியானம் கூட அதுக்கு ஆகாது. அதனால வெயில் ஏறுனா பாறைக்கு அடியில போயிரும், அங்க குளிர்ச்சியா இருக்கும், ஆனா உள்ள இருந்தா புல்லு சேக்க முடியாது. சூடு கூடுனா படப்பு சின்னதாகும். இன்னொரு பக்கம் பனி கம்மியா பெஞ்சாலும் ஆபத்து, பனிதான் மேல கம்பளி மாதிரி மூடிக் குளிர உள்ள விடாம வைக்கிறது. ரெண்டு பக்கமும் அடி.

கலிபோர்னியாவுல போடின்னு கைவிட்டுப் போன ஒரு தங்கச் சுரங்க ஊர் இருக்கு, சுரங்கத்துக் கல்லக் கொட்டி வச்ச மேட்டுலயெல்லாம் பிக்கா குடியேறியிருந்துச்சு, அத ஸ்மித் பல பத்து வருஷம் எண்ணிக்கிட்டே வந்தாரு, தெக்குப் பாதியில இருந்ததெல்லாம் ஒவ்வொரு மேடா காலியாயிட்டு. ஆனா இதுக்கு எதிரான சாட்சியும் இருக்கு, அதையும் சொல்லணும். ஆரிகன்ல கொலம்பியா ஆத்துப் பள்ளத்தாக்குல கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலயே பிக்கா வாழுது, பாறை பூரா பாசி மூடி நிழலும் ஈரமுமா இருக்கு, அந்தப் பாசியவே தின்னுது. அப்ப உசரம் முக்கியம் இல்ல, பாறைக்கு அடியில குளிர்ச்சி இருக்கணும், அவ்வளவுதான். 2010ல அமெரிக்க அரசு இத ஆபத்துல இருக்கிற உயிரினப் பட்டியல்ல சேக்க வேண்டாம்னு முடிவு பண்ணுனதுக்கும், பல இடத்துல தாக்குப் பிடிக்கும்னு அவங்க நினைச்சதுதான் காரணம். எனக்கு அந்த முடிவுல சம்மதம் இல்ல. ஓரத்துல இருக்கிற மேடு ஒண்ணு காலியானா, திரும்ப அங்க போய்ச் சேர வெயில்ல சமவெளியத் தாண்டணும், அது பிக்காவால ஆகாது. மரங்கொத்திக்கு மரம் விழுந்தா நஷ்டம்தான், பெரிய நஷ்டம்தான், ஆனா ரெக்கை இருக்கு.

மலை உச்சி ஒரு தீவு மாதிரிங்கிறது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்ல. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெக்க, அகத்தியமலை வரைக்கும் உள்ள உச்சிச் சோலைகள்ல மட்டும் சோலைக்கிளின்னு ஒரு சின்னக் குருவி இருக்கு, நீலமா வயிறு வெளுத்து இருக்கும். அது தனி இனம்னு 2017லதான் உறுதியாச்சு. அகத்தியமலை 1868 மீட்டர், அதுக்கு மேல ஏற இடம் இல்ல, கணவாயத் தாண்டி வடக்க போகவும் அதுக்கு வழி இல்ல. அந்த ஆராய்ச்சியில இருந்த பெங்களூரு விஞ்ஞானி உமா ராமகிருஷ்ணன், அதுக்கு முந்தின வருஷம் நிஷ்மா தஹாலோட சேந்து சிக்கிம் பிக்கா தனி இனம்னு நிரூபிச்ச குழுவுலயும் இருந்தாங்க. இது தெரிஞ்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிக்காவ நேர்ல பாக்கணும்னா அமெரிக்கா போக வேண்டாம். நம்ம பக்கத்துல இருந்து கேதார்நாத் பத்ரிநாத்னு வருஷா வருஷம் எத்தனையோ பேர் போறாவ, அப்படியே சோப்டாவுல இறங்கி துங்கநாத் கோயிலுக்கு ஏறுங்க, கோயில் 3,680 மீட்டர் உசரத்துல இருக்கு, நம்ம அகத்தியமலை மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பாதை ஓரத்துக் கல்லுச் சுவரையும் பாறை இடுக்கையும் பாத்துக்கிட்டே போங்க, ராயில் பிக்கா அங்கனதான் திரியும். காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி, இல்லன்னா சாயங்காலம். ஒரு இடத்துல அசையாம உக்காந்தா தானா வெளிய வரும், வந்து ஒரு செகண்ட் நின்னு உங்களப் பாக்கும். நான் பாத்தப்ப ஏற வந்த ஒரு ஆளு அதுக்கு பிஸ்கட் போட்டாரு, தயவுசெஞ்சு அது மட்டும் வேண்டாம், அதுக்கு வேண்டிய புல்லு அங்கனயே இருக்கு, பிளாஸ்டிக் கவரையும் அந்த இடுக்குல சொருகிட்டு வராதீங்க.